நாடகத்தில் பேர் அவருக்கு, வசனம் இவருக்கு... அயர்லாந்தை எழுதிய பெண்கள் எங்கே போனார்கள்?

1902 ஏப்ரல் 2, டப்ளின். புனித தெரசா அரங்கம் என்ற சின்ன ஹாலில் ஒரு நாடகம் முதல் முறையாக மேடையேறுகிறது. பெயர், 'கேத்லீன் நி ஹூலிஹன்'.

கதை ரொம்ப சிம்பிள். 1798ஆம் ஆண்டு, அயர்லாந்தின் மேற்குக் கடற்கரையில் ஒரு விவசாயி வீடு. மறுநாள் மூத்த மகனுக்குக் கல்யாணம். சீர்ப்பணம் எவ்வளவு, அதை வைத்து என்ன வாங்கலாம் என்று அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது யாரென்றே தெரியாத ஒரு கிழவி உள்ளே வருகிறாள். தன் வீட்டுக்குள் அந்நியர்கள் புகுந்துவிட்டார்கள், தன் நான்கு பச்சை வயல்களையும் பறித்துவிட்டார்கள் என்கிறாள். பிரெஞ்சுக் கப்பல்கள் கரைக்கு வந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. மாப்பிள்ளை கல்யாணத்தை மறந்து, கிழவியின் பின்னால் சண்டைக்குப் போய்விடுகிறான். கடைசியில் தெரியவருகிறது, வாசலைத் தாண்டிப் போனவள் கிழவியே இல்லை. அரசி போல நடந்து போன ஓர் இளம்பெண். அவள்தான் அயர்லாந்து.

கிழவியாக நடித்தவர் மௌட் கான். அன்றைக்கு அயர்லாந்தின் மிகப் பிரபலமான பெண் அரசியல் முகம். கூட்டம் மெய்சிலிர்த்துப் போனது. எழுதியவர் என்று அச்சாகியிருந்த பெயர் வில்லியம் பட்லர் யேட்ஸ். பின்னாளில் இலக்கிய நோபல் பரிசு வாங்கிய அதே யேட்ஸ்தான். இந்த நாடகம் அவ்வளவு தூரம் பேசப்பட்டது. 1916 எழுச்சியில் சுட்டுக்கொல்லப்பட்டவர்களைச் சாவுக்கு அனுப்பியது தன் நாடகம்தானோ என்று, வயதான காலத்தில் ஒரு கவிதையில் யேட்ஸே தன்னைக் கேட்டுக்கொள்கிற அளவுக்கு!

அந்தக் குற்றவுணர்ச்சியிலும் ஒரு பங்குதாரர் இருந்தார். ஒரு பெண்.

பென்சில் குறிப்பு சொல்லும் கதை

நாடகத்தின் கையெழுத்துப் பிரதி நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கிறது. அதை ஆராய்ந்து 1988ல் கட்டுரை எழுதியவர் ஜேம்ஸ் பெத்திகா என்ற ஆய்வாளர். பிரதியின் முதல் பகுதியில், இது முழுக்கத் தன்னுடையது மட்டுமே என்ற பொருளில் பென்சிலில் ஒரு குறிப்பு இருந்தது. எழுதியவர் லேடி அகஸ்டா கிரிகோரி. விவசாயி குடும்பம் உட்கார்ந்து பேசுகிற அந்த வீட்டுக் காட்சி, சீர்ப்பணக் கணக்கு, கல்யாணத் துணி... நாடகத்தை நாடகமாக நிற்கவைத்த அத்தனையும் அவர் கை. கனவு போன்ற அந்தக் கிழவியின் எண்ணம் யேட்ஸுடையது. மண்வீட்டுப் பேச்சு அவருக்கு வரவே வராது.

கிரிகோரி தனக்கு உதவினார் என்று யேட்ஸ் சொல்லியிருக்கிறார்தான். ஆனா 'உதவி' என்பதற்கும் 'சேர்ந்து எழுதினோம்' என்பதற்கும் நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறதே! மீட்டிங்கில் நாம் சொன்ன ஐடியாவை இன்னொருத்தர் ஸ்லைடில் போட்டுக் கைதட்டல் வாங்கும்போது, கடைசி ஸ்லைடில் 'நன்றி' என்று நம் பெயர் சின்னதாக வருமே, கிட்டத்தட்ட அது.

ஏன் கேட்டு வாங்கவில்லை? வீட்டார் அப்படிக் கேட்டபோது, மக்களிடம் உண்மையில் ஜெயித்த யேட்ஸின் ஒரே நாடகம் அது, அதையும் அவரிடமிருந்து பிடுங்கக் கூடாது என்று கிரிகோரி மறுத்ததாக அவருடைய வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. பெருந்தன்மையா, பழக்கமா? இரண்டும்தான் போலிருக்கிறது.

கொழும்பு அருங்காட்சியகத்துக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

இங்கே ஒரு சின்ன ட்விஸ்ட். அகஸ்டாவின் கணவர் சர் வில்லியம் கிரிகோரியை இலங்கைக்காரர்களுக்குத் தெரியும். 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநர். கொழும்பு அருங்காட்சியகம் அவர் காலத்தில் உருவானது. அதன் முன்னால் இன்றும் அவர் சிலை நிற்கிறது. நுவரெலியாவில் படகு ஓட்டுகிறோமே, அந்த கிரிகோரி ஏரியும் அவர் பெயர்தான்.

அயர்லாந்தில் அவர் பெயர் வேறு காரணத்துக்காக நினைவில் நிற்கிறது. 1845ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சம். சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், இன்னொரு 10 லட்சத்துக்கும் மேல் நாட்டை விட்டே போனார்கள். அந்தப் பஞ்சத்தின் நடுவே, 1847ல், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த வில்லியம் கிரிகோரி ஒரு சட்டப்பிரிவைக் கொண்டுவந்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவர், அதை விட்டுக்கொடுத்தால்தான் அரசு நிவாரணம். பசியா, நிலமா என்று ஏழை விவசாயி தேர்ந்தெடுக்க வேண்டிவந்தது. 'கிரிகோரி பிரிவு' என்றே வரலாறு அதை அழைக்கிறது.

1880ல் அவரைக் கல்யாணம் செய்தபோது அகஸ்டாவுக்கு 27 வயது. மாப்பிள்ளைக்கு 63. ஜமீன் வீட்டில் பிறந்து இன்னொரு ஜமீன் வீட்டுக்குப் போனவர். 1893ல் அயர்லாந்துக்குத் தன்னாட்சி கூடாது என்று பெயர் போடாமல் ஒரு துண்டுப்பிரசுரம்கூட எழுதினார். அதாவது, இவர் தேசியவாதியாகப் பிறக்கவே இல்லை.

மாற்றியது மொழி. 1892ல் கணவர் இறந்த பிறகு, கால்வே மாவட்டத்தில் இருந்த கூல் பார்க் மாளிகையில் உட்கார்ந்து அகஸ்டா ஐரிஷ் மொழி கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். குடிசை குடிசையாகப் போய்க் கதை கேட்டார். பக்கத்தில் கோர்ட் என்ற ஊரின் ஏழைகள் விடுதியில் இருந்த முதியவர்களிடமும் கதை கேட்டார். யோசித்துப் பாருங்கள். கணவரின் சட்டப்பிரிவு நிலத்தை விட்டு விரட்டி, எந்த விடுதிகளுக்குள் மக்களைத் தள்ளியதோ, அப்படிப்பட்ட ஒரு விடுதிக்குள் மனைவி நோட்டுப்புத்தகத்தோடு போகிறார். அங்கே இருந்தவர்களிடம் ஒரு மொழியே மிச்சம் இருந்தது.

1902ல் 'குகுலின் ஆஃப் முர்தெம்னி' வந்தது. ஐரிஷ் வீரன் குகுலினின் பழங்கதைகளைத் திரட்டி, கில்டார்ட்டன் வட்டார மக்கள் பேசும் ஆங்கிலத்தில் சொன்ன புத்தகம். ஐரிஷ் மொழியின் வாக்கிய அமைப்பு ஒட்டிக்கொண்டிருக்கிற ஆங்கிலம் அது. அதுவரை மேடைகளில் கிண்டலுக்கு மட்டுமே பயன்பட்ட அந்தப் பேச்சில் வீரகாவியம் சொல்ல முடியும் என்று காட்டியதுதான் பெரிய வேலை. 1904 டிசம்பர் 27 அன்று அபே தியேட்டர் திறந்தபோது, அன்றிரவு மேடையேறியவற்றில் கிரிகோரியின் நகைச்சுவை நாடகமும் ஒன்று. இந்த முறை அவர் பெயரிலேயே!

சிறை வாசலில் இரண்டு பெண்கள்

'கேத்லீன்' எல்லோருக்கும் தெரியும். ஆனா கிரிகோரியை உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டுமானால் 1906ல் வந்த 'தி கேயல் கேட்' என்ற சின்ன நாடகத்தைப் பார்க்க வேண்டும்.

விடியற்காலை, கால்வே சிறை வாசல். ஒரு மாமியாரும் மருமகளும் இரவெல்லாம் நடந்து வந்திருக்கிறார்கள். உள்ளே இருப்பவன் ஒருத்திக்கு மகன், இன்னொருத்திக்குக் கணவன். சிறையிலிருந்து வந்த கடிதம் கையில் இருக்கிறது. ஆனா இருவருக்கும் படிக்கத் தெரியாது. ஊரில் யாரிடமும் கொடுத்துப் படிக்கச் சொல்லவும் கூச்சம். ஏனென்றால் அவன் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று ஊர் பேசுகிறது. வாசல் திறக்கிறது. அவனைத் தூக்கில் போட்டாகிவிட்டது. காட்டிக்கொடுக்காததால்தான் செத்தான் என்பதும் அப்போதுதான் தெரிகிறது. மருமகள் உடைந்து போகிறாள். மாமியார் மகன் பெயரைச் சொல்லிப் பெருமையாகப் புலம்புகிறாள்.

முதல் நாடகத்தில் தேசம் ஒரு பெண், அவள் கூப்பிட்டால் ஆண்கள் போவார்கள். இரண்டாவதில், போனவனுக்காகக் கதவுக்கு வெளியே நிற்கும் பெண்கள், கையில் படிக்க முடியாத கடிதம். இரண்டுக்கும் நடுவில் நான்கே வருஷம்தான்.

பெல்ஃபாஸ்டில் ஒரு 'ஸ்டார்ட்அப்'

ஐரிஷ் மறுமலர்ச்சி என்றாலே டப்ளின், யேட்ஸ், அபே என்றுதான் பாடப்புத்தகம் ஆரம்பிக்கும். ஆனா 1896லேயே வடக்கே பெல்ஃபாஸ்டில் இரண்டு பெண்கள் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள். அலிஸ் மில்லிகன், மெதடிஸ்ட் புராட்டஸ்டன்ட் குடும்பம். அன்னா ஜான்ஸ்டன், கத்தோலிக்கர், மர வியாபாரியின் மகள். அவருடைய அப்பா ரகசியப் புரட்சி இயக்கத்தைச் சேர்ந்தவர். மத அடையாளம்தான் எல்லாவற்றையும் முடிவுசெய்யும் நகரத்தில் இந்தக் கூட்டணியே ஒரு செய்தி.

முதலில் வேறொரு பத்திரிகையை இருவரும் நடத்தினார்கள், அங்கிருந்து வெளியேற வேண்டிவந்தது. உடனே சொந்தமாக 'ஷான் வான் வோக்ட்' என்ற மாத இதழை ஆரம்பித்தார்கள். பெயருக்கு அர்த்தம், 'ஏழைக் கிழவி'. ஆமாம், அயர்லாந்தைக் குறிக்கும் அதே கிழவி! 1896 ஜனவரி முதல் 1899 ஏப்ரல் வரை, 40 மாதங்கள். ஆசிரியர், நிர்வாகி, கவிஞர், கட்டுரையாளர் எல்லாமே அவர்கள்தான். எழுத இடம் கொடுத்ததிலும் தாராளம். சோஷலிஸ்ட் ஜேம்ஸ் கானலியின் கருத்துகளோடு முழுசாக ஒத்துப்போகாவிட்டாலும், 1897ல் அவர் கட்டுரையை வெளியிட்டார்கள். அதே கானலி 1916 எழுச்சியின் தலைவர்களில் ஒருவராகி, மரண தண்டனைக்கு ஆளானார்.

இதழை நிறுத்தியபோது சந்தாதாரர் பட்டியலை டப்ளினில் ஆர்தர் கிரிஃபித் தொடங்கிய 'யுனைடெட் ஐரிஷ்மேன்' பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டார்கள். இன்றைய மொழியில் சொன்னால் மொத்த யூசர் பேஸும் கைமாறியது. கிரிஃபித்தை வரலாறு சின் ஃபெய்ன் நிறுவனராகக் கொண்டாடுகிறது. அந்த 'சின் ஃபெய்ன்' என்ற பெயரை அவருக்குச் சொன்னவரும் மேரி பட்லர் என்ற எழுத்தாளர்தான் என்பது தனிக்கதை.

அன்னா, 'எத்னா கார்பரி' என்ற புனைபெயரில் கவிதை எழுதினார். 1901ல் கல்யாணம், 1902 ஏப்ரலில் மரணம். 40 வயதுகூட ஆகவில்லை. இறந்த பிறகு வந்த கவிதைத் தொகுப்பு பதிப்பு மேல் பதிப்பாக விற்றது. மில்லிகன் நீண்ட காலம் வாழ்ந்தார். கேலிக் லீக் அமைப்புக்காக ஊர் ஊராகப் போய், 'உயிருள்ள படங்கள்' என்ற மேடை வடிவத்தைப் பரப்பினார். நடிகர்கள் வரலாற்றுக் காட்சி ஒன்றில் அசையாமல் நிற்பார்கள், பின்னால் பாட்டோ கதையோ ஓடும். அரங்கம் வேண்டாம், வசனம் மனப்பாடம் வேண்டாம், ஐரிஷ் மொழி தெரியாதவருக்கும் புரியும். பட்ஜெட்டே இல்லாத இயக்கத்துக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான மீடியம் கிடைக்குமா என்ன?

ஒரு பக்கம் புரட்சி, ஒரு பக்கம் தோட்டக்கலை டிப்ஸ்

இவ்வளவு பெண்கள் எப்படி வந்தார்கள் என்ற கேள்வி வரும். முக்கியக் காரணம் ஒன்று. 1893ல் தொடங்கிய கேலிக் லீக், பெண்களையும் சம உறுப்பினர்களாகச் சேர்த்தது. ஓட்டுரிமையும் கட்சிப் பதவியும் இல்லாத காலத்தில் மொழி வகுப்பும் நாடகக் குழுவும் பத்திரிகையும்தான் திறந்திருந்த கதவு. மற்ற அமைப்புகள் கதவை மூடியபோது பெண்கள் சொந்தமாகவே கட்டினார்கள். 1900ல் மௌட் கான் தலைமையில் 'அயர்லாந்தின் மகள்கள்' என்று பொருள்படும் அமைப்பு உருவானது. 'கேத்லீன்' நாடகத்தை மேடையேற்றத் துணைநின்றதும் அவர்கள்தான்.

அந்த அமைப்பு 1908ல் கொண்டுவந்த பத்திரிகைக்கு 'அயர்லாந்துப் பெண்' என்று அர்த்தம். ஆசிரியர் ஹெலனா மொலோனி, அபே தியேட்டர் நடிகை. ஃபேஷன் குறிப்புக்குப் பக்கத்திலேயே ஆயுதப் போராட்டக் கட்டுரை இருக்கும். கவுண்டஸ் மார்க்கிவிச் தோட்டக்கலைப் பத்தி எழுதினார். இலையைத் தின்னும் நத்தையை எப்படி நசுக்குவது என்று அவர் டிப்ஸ் கொடுத்தால், நத்தை யாரென்று வாசகருக்குத் தெரியும். அவருடைய தங்கை ஈவா கோர்-பூத் இன்னொரு ரகம். கவிஞர், ஆயுதத்தை ஏற்காதவர், மான்செஸ்டரில் உழைக்கும் பெண்களுக்காகச் சங்கம் கட்டியவர். 1916ல் வந்த ஈவாவின் நாடக நூலுக்குப் படம் வரைந்தது அக்கா, சிறையில் இருந்தபடி.

மொலோனி அதே 1916ல் துப்பாக்கியோடு டப்ளின் சிட்டி ஹாலில் இருந்தார். கூடவே இருந்த இன்னொரு அபே நடிகர் ஷான் கானலி, முதல் நாளிலேயே கொல்லப்பட்டார்.

அண்ணன் மூடிய சங்கம்

இந்தக் கதைக்கு ஒரு முன்கதை உண்டு, கொஞ்சம் கசப்பானது. 1881ல் நிலச் சங்கத்தின் தலைவர்கள் சிறைக்குப் போகவேண்டிய நிலை வந்தபோது, வெளியேற்றப்பட்ட விவசாயிக் குடும்பங்களைப் பார்த்துக்கொள்ள பெண்கள் நிலச் சங்கம் உருவானது. நடத்தியவர் அன்னா பார்னல், தலைவர் சார்லஸ் பார்னலின் தங்கை. தங்குமிடம், உணவு, கணக்கு, கூட்டம் எல்லாம் ஓடியது. ஆண்கள் எதிர்பார்த்ததைவிடத் தீவிரமாகவே ஓடியது. 1882ல் அரசோடு சமரசம் செய்துகொண்டு வெளியே வந்த அண்ணன், பணத்தை நிறுத்தி அந்தச் சங்கத்தை மூடவைத்தார். அன்னா அதன்பிறகு அண்ணனோடு பேசவே இல்லை.

1907ல் தன் தரப்பை முழு நூலாக எழுதினார். நிலப்போராட்டமே ஒரு பெரிய பித்தலாட்டம் என்று சொல்லும் தலைப்பு. அது புத்தகமாக வந்தது எப்போது தெரியுமா? 1986ல். எழுதி 79 வருஷம் கழித்து. அன்னா 1911லேயே இங்கிலாந்தின் ஒரு கடலோர ஊரில், வேறு பெயரில் வாழ்ந்துகொண்டிருந்தபோது கடலில் மூழ்கி இறந்துவிட்டார்.

டப்ளினிலிருந்து அடையாறுக்கு

மார்கரெட் கசின்ஸ் கதை நமக்கு ரொம்பப் பக்கம். கணவர் ஜேம்ஸ் கசின்ஸ், மறுமலர்ச்சிக் காலக் கவிஞர். 'கேத்லீன்' போட்ட அதே குழு, அதே 1902ல் அவர் நாடகங்களையும் மேடையேற்றியது. மார்கரெட் இசைப் பட்டதாரி. 1908ல் ஹன்னா ஷீஹி ஸ்கெஃபிங்டனோடு சேர்ந்து ஐரிஷ் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். ஜன்னல் உடைத்ததற்காக இரண்டு முறை ஜெயில்.

1915ல் இருவரும் இந்தியா வந்தார்கள். 1917ல் அடையாறில் இந்தியப் பெண்கள் சங்கம் உருவானதில் மார்கரெட்டின் பங்கு மையமானது. 1919ல் மதனப்பள்ளியில், தாகூர் வந்திருந்தபோது, 'ஜன கண மன' பாடலுக்கு இசைக்குறிப்பு எழுதியவரும் இவர்தான். 1921ல் சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை வந்ததற்குப் பின்னால் அந்தச் சங்கத்தின் உழைப்பு இருந்தது. 1932ல் பிரிட்டிஷ் அவசரச் சட்டங்களை எதிர்த்துப் பேசி மறுபடியும் ஜெயில், இந்த முறை வேலூர். லண்டன், அயர்லாந்து, வேலூர் என்று மூன்று இடத்துச் சிறையையும் பார்த்தவர்! 1954ல் இறந்ததும் அடையாறில்தான்.

விடுதலைக்கு அப்புறம்?

1916 பிரகடனம் ஐரிஷ் ஆண்களையும் பெண்களையும் சேர்த்தே விளித்தது. 1922ல் புதிய நாட்டில் 21 வயதான எல்லாப் பெண்களுக்கும் ஓட்டு கிடைத்தது. அதோடு வேகம் நின்றது. 1937 அரசியலமைப்பு, வீட்டுக்குள் பெண் வாழும் வாழ்க்கை நாட்டுக்குச் செய்யும் சேவை என்று எழுதிவைத்தது. அந்தப் பிரிவை மாற்றலாமா என்று 2024 மார்ச்சில் பொதுவாக்கெடுப்பு நடந்தது. முன்வைத்த மாற்று வாசகத்தை மக்கள் ஏற்கவில்லை, பழைய பிரிவு அப்படியே இருக்கிறது. கல்யாணமான பெண் அரசு வேலையில் நீடிக்க முடியாது என்ற விதி 1973 வரை இருந்தது. கேட் ஓ'பிரையன் போன்றவர்களின் நாவல்கள் தடைசெய்யப்பட்டன.

இலக்கிய வரலாறு இன்னும் மோசம். 1991ல் 'ஃபீல்ட் டே' ஐரிஷ் இலக்கியத் தொகுப்பு மூன்று பெரிய தொகுதிகளாக வந்தது. 4,000 பக்கங்களுக்கு மேல். தேடிப் பார்த்தால் பெண்கள் மிகச் சொற்பம். பெரிய சண்டை வெடித்தது. 2002ல் பெண்களின் எழுத்துக்காகவே இன்னும் இரண்டு தொகுதிகள் சேர்க்க வேண்டிவந்தது. கவிஞர் ஈவன் போலண்ட் இதற்கு முன்பே இன்னொரு சிக்கலைக் கிளப்பியிருந்தார். ஐரிஷ் கவிதையில் பெண் எப்போதும் தேசத்தின் உருவமாகவே நிற்கிறாள். உருவமாக நிற்பவள் எழுதுபவளாக மாறுவது எப்படி என்பது அவர் கேள்வி. அந்தக் கிழவி-இளவரசி வேடத்தைக் கவிஞர்கள் அவ்வளவு சீக்கிரம் கழற்றவில்லை.

அபே தியேட்டரே பாடம் கற்றதா? 1916 எழுச்சியின் நூற்றாண்டுக்கான நிகழ்ச்சி நிரலை 2015 அக்டோபரில் அது அறிவித்தது. 10 நாடகங்கள். பெண் எழுதியது ஒன்று. அரங்க வடிவமைப்பாளர் லியன் பெல் ஃபேஸ்புக்கில் எழுத ஆரம்பித்தார். சில நாட்களில் 'வேக்கிங் த ஃபெமினிஸ்ட்ஸ்' என்ற இயக்கமானது. நவம்பர் 12 அன்று அபே மேடையிலேயே பெண் கலைஞர்கள் ஒவ்வொருவராக ஏறிப் பேசினார்கள்.

அதே அபே தியேட்டரில்தான் 1919ல், வரவேண்டிய நடிகை இல்லாதபோது, 67 வயதை எட்டிய கிரிகோரி தானே கேத்லீன் வேடம் போட்டு நடித்தார். கிழவி வேடத்துக்கு மேக்கப் தேவைப்படவில்லை.

1932ல் அவர் இறந்தார். கூல் பார்க் மாளிகையை 1941ல் இடித்துவிட்டார்கள். தோட்டத்தில் எழுத்தாளர்கள் பெயர் செதுக்கிய மரம் மட்டும் நிற்கிறது. டப்ளின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தின் புகழ்பெற்ற நீண்ட அறையில் வரிசையாக 40 மார்பளவுச் சிலைகள் இருந்தன. நாற்பதும் ஆண்கள். 2023ல் முதல் முறையாக நான்கு பெண்களின் சிலைகளை அங்கே வைத்தார்கள். நால்வரில் ஒருவர், அகஸ்டா கிரிகோரி.